முருங்கைத் தூளும் முற்றத்துக் கீரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் சென்ற வாரம் முருங்கையிலைத் தூளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இங்கே மொரீஷியசில், ரோஸ் ஹில்லில் உள்ள என் வீட்டில் இருந்தபடி படித்தேன். ஆரஞ்சுப் பழத்தைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி, பாலைவிட நான்கு மடங்கு கால்சியம், உடலின் முதுமையைத் தடுத்து நிறுத்தும் ஆன்டிஆக்சிடன்ட்கள், தினம் ஒரு தேக்கரண்டி போதும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. படித்து முடித்த அன்றே இரண்டு பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அந்தத் தூள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரின் வீட்டு வேலியே முருங்கை மரம்தான். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அந்த அழைப்புதான்.

நான் ஊட்டச்சத்து நிபுணர் அல்ல. தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆனால் கீரைகளைப் பற்றியும் காட்டுப் பழங்களைப் பற்றியும் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன். அந்த ஏழு மடங்கு எங்கிருந்து வந்தது என்பதை எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த பழைய உணவுச் சத்து அட்டவணையில், 100 கிராம் பச்சை முருங்கையிலையில் வைட்டமின் சி 220 மில்லிகிராம் என்றும், ஆரஞ்சில் 30 மில்லிகிராம் என்றும் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஏழு மடங்கு வந்துவிடும். ஆனால் 2017-ல் இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புதிதாக அளந்து வெளியிட்ட அட்டவணையில் அதே இலைக்கு வைட்டமின் சி 108 மில்லிகிராம்தான். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையிலோ அது சுமார் 52 மில்லிகிராமாக இறங்கிவிடுகிறது. அவர்கள் கணக்கில் ஆரஞ்சுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். கால்சியமும் இப்படியே முதல் அட்டவணையில் 440, இரண்டாவதில் 314, மூன்றாவதில் 185 மில்லிகிராம் என்று இருக்கிறது. இந்த மூன்றில் எதுவும் பொய் அல்ல. மரத்தின் வகை, மண், பருவம், இலையின் வயது, பறித்ததற்கும் அளந்ததற்கும் இடையே கழிந்த நேரம் ஆகியவற்றைப் பொறுத்து கீரையின் சத்து இவ்வளவு தூரம் மாறுகிறது. மூன்றில் பெரிய எண்ணை மட்டும் எடுத்து, அதையும் காய்ந்த தூளின் டப்பாவில் ஒட்டுவதைத்தான் நான் ஏற்கவில்லை. இலையைக் காயவைக்கும்போது முதலில் அழிவது வைட்டமின் சி. தூளில் கால்சியமும் புரதமும் செறிந்து நிற்பது உண்மைதான், ஆனால் அது நீர் வற்றிப்போனதால் வந்த செறிவு. 100 கிராம் தூளை எவரும் ஒரே நாளில் விழுங்க முடியாது. தேக்கரண்டிக்கு ஐந்து கிராம் போகாத பொருளை 100 கிராம் பழத்தோடும் ஒரு டம்ளர் பாலோடும் ஒப்பிடுவது எந்த வகை நியாயம் என்று தெரியவில்லை.

அடுத்தது, கட்டுரையில் பத்து முறையாவது வந்துபோன அந்த ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல். தமிழில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம். நம் உடல் உணவை எரித்து ஆற்றலாக்கும்போது, இணையில்லாத எலக்ட்ரான் ஒன்றை வைத்துக்கொண்டு அலையும் மூலக்கூறுகள் சில உண்டாகின்றன; அவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பையோ புரதத்தையோ மரபணுவையோ தாக்கி எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கின்றன. அதைத் தன்னிடமிருந்து கொடுத்து அந்தப் பறிப்பை நிறுத்தும் பொருளுக்குத்தான் இந்தப் பெயர். வைட்டமின் சி, வைட்டமின் இ, கரோட்டின்கள், தாவரங்களின் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் காரணமான பாலிபீனால்கள் ஆகியவை இந்த வேலையைச் செய்யக்கூடியவை. செடி இவற்றை நமக்காகச் செய்து வைப்பதில்லை. வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளவே செய்துகொள்கிறது. பராமரிப்பில்லாமல் காய்ந்த நிலத்தில் வளரும் பழமும் கீரையும் பெரும்பாலும் கூடுதலாகத் துவர்ப்பதற்கும் கசப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சரி. ஆனால் சோதனைக் குழாயில் நடப்பதெல்லாம் உடலுக்குள் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனைக் குழாயில் அளந்து பெரிய பட்டியல் ஒன்றை அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்டு வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றும், விற்பனையாளர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றும் சொல்லி 2012-ல் அந்தப் பட்டியலையே அது நீக்கிவிட்டது. அதற்கும் முன்னதாக, 1994-ல், பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவு வந்தது. காய்கறி அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு, காய்கறியில் பீட்டா கரோட்டின் இருக்கிறது, ஆகவே பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மாத்திரை எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் நடந்த இதே போன்ற மற்றொரு சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கீரையில் இருக்கும்போது நல்லதாக இருந்த பொருள், தனியே பிரித்துப் பெரிய அளவில் கொடுத்தபோது அப்படி இருக்கவில்லை. கட்டுரையாளர் இதைத் தெரிந்தே விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் தூளும் மாத்திரையும் விற்கிறவர்கள் சொல்லாத இந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு நாளிதழுக்கு உண்டு.

தூளை விட்டுவிட்டு நம் தீவின் மண்ணுக்கு வருகிறேன். கட்டுரை பேசாமல் விட்டது இதைத்தான். 2003-ல் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தின் தீஷன் பாஹோருன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இங்கே மக்கள் உண்ணும் 17 பழங்களை எடுத்து அவற்றின் பாலிபீனால் அளவையும் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனையும் அளந்து வெளியிட்டார்கள். முன்வரிசையில் நின்றவை எவை என்று பாருங்கள்: இத்தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலில் நாம் கோயாவ் தெசின் என்று சொல்லும் சிவப்பும் மஞ்சளுமான சிறு கொய்யா, நட்சத்திரப் பழம், ஜாம்ப்லோன் என்கிற நாவல், வெள்ளைக் கொய்யா. சந்தையில் தனி இடம் பிடித்து அமர்ந்திருக்கும் கப்பலில் வந்த ஆப்பிளும் திராட்சையும் அந்தப் பதினேழில் இல்லை. அத்திறன் பெரும்பாலும் பாலிபீனால்களிலிருந்து, குறிப்பாகத் துவர்ப்புப் பொருள்களிலிருந்து வந்தது என்றும், வைட்டமின் சியின் பங்கு சிறியது என்றும் அவர்கள் கண்டார்கள். இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் சிறு கொய்யாவில் வைட்டமின் சி 100 கிராமுக்குச் சுமார் 37 மில்லிகிராம்தான். பெரிய கொய்யாவில் அது 228. வைட்டமின் சியை மட்டும் வைத்து மதிப்பிட்டால் சிறு கொய்யா பெரிய கொய்யாவுக்கு வெகு பின்னால் நின்றிருக்கும்.

இதுவும் சோதனைக் குழாய் அளவுதானே, சற்று முன் அதையே குறை சொன்னீர்களே என்று எவராவது கேட்கலாம். உண்மைதான். ஆகவே கோயாவ் தெசின் நோயைக் குணமாக்கும் என்று நான் எழுத மாட்டேன். நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதே, அந்த அளவை நிரப்ப வெளிநாட்டுப் பழத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று மட்டும் எழுதுவேன். அந்தச் சிறு கொய்யாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அது பிரேசிலிலிருந்து வந்த மரம். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவின் காட்டுக்குள் புகுந்து, இத்தீவில் மட்டுமே உள்ள மரங்களை நெருக்கி அழித்துக்கொண்டிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. ஆகவே பழத்தைப் பறித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னுங்கள், ஊறுகாய் போடுங்கள். விதையை மட்டும் எங்கும் ஊன்றாதீர்கள்.

நாவலின் கதை வேறு. என் சிறுவயதில் ஜாம்ப்லோன் காய்க்கும் மாதங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரின் நாக்கும் ஊதாவாக இருக்கும். அந்த ஊதா நிறம்தான் ஆந்தோசயனின் என்ற பாலிபீனால். இன்று அதே மரத்தடியில் பழம் விழுந்து நசுங்கிக் காரின் மேல் கறை படிகிறது என்று மரத்தை வெட்டுகிறார்கள். இலந்தையின் கதியும் அதுவே. இங்கே மசோன் என்று அழைக்கப்படும் அந்தப் பழத்தின் தாவரவியல் பெயரில் மொரீஷியசின் பெயரே இருக்கிறது: சிசிபஸ் மொரீஷியானா. தமிழ்நாட்டின் புழுதிக் காடுகளில் இலந்தை பொறுக்கியவர்களுக்கு இந்தச் செய்தி வேடிக்கையாக இருக்கும். நம் பிள்ளைகளில் அந்தப் பழத்தைத் தின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் வேடிக்கை நின்றுவிடும்.

கீரைகளின் நிலையைச் சொல்லும் முன், அவற்றின் பெயர்களைச் சொல்ல வேண்டும். இத்தீவில் கீரைக்குப் பொதுப்பெயர் ப்ரேட். போர்த்துகீசியர் வழியாக வந்த சொல். ப்ரேட் முரும் என்பது முருங்கைக் கீரை. முரும் என்பது நம் முருங்கை தேய்ந்து நின்ற வடிவம். பீர்க்கங்காய் பிபங்காய் ஆயிற்று, கறிவேப்பிலை கரிபிலே ஆயிற்று, கொத்தமல்லி கோத்தோமிலி ஆயிற்று. சீனரும் கிரியோலரும் போஜ்பூரி பேசுகிறவர்களும் ஒரே போல இச்சொற்களைச் சொல்லிச் சந்தையில் வாங்குகிறார்கள். ப்ரேட் மல்பார் என்பது முளைக்கீரை, தண்டுக்கீரை இனம். மல்பார் என்று பிரெஞ்சுக்காரர்கள் குறித்தது நம்மவர்களைத்தான். ப்ரேட் மார்த்தேன் என்பது மணத்தக்காளி. ப்ரேட் சோன்ஜ் என்பது சேம்பிலை. புர்ப்பியே என்பது பருப்புக்கீரை. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மணத்தக்காளி என்ற சொல் பாடத்தில் வந்தால் அதன் பொருளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். அந்தச் செடி அவர்கள் பள்ளிச் சுவரின் ஓரத்திலேயே முளைத்திருக்கும், ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் பாட்டி அதை ப்ரேட் மார்த்தேன் என்று சொல்லிச் சமைத்திருப்பார். இரண்டும் ஒன்று என்று சொல்லிக் கொடுக்கும்போது முகத்தில் தோன்றும் வியப்பை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு செடிக்கு வீட்டில் ஒரு பெயரும் புத்தகத்தில் ஒரு பெயரும் இருந்து இரண்டும் சந்திக்காமல் போனால், அடுத்த தலைமுறைக்கு அது களையாகத்தான் தெரியும்.

முருங்கையைப் புறக்கணிக்கப்பட்ட கீரை என்று சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரோஸ் ஹில் சந்தையிலும் காத்ர் போர்ன் சந்தையிலும் அது கட்டுக்கட்டாக வருகிறது. எல்லா இனத்தவர் வீட்டிலும் சாறாகக் கொதிக்கிறது. புறக்கணிக்கப்பட்டவை அதன் பின்னால் நிற்பவை. பருப்புக்கீரையை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டக்காரர் அதைப் பிடுங்கி எறிகிறார். ஆனால் 100 கிராம் பச்சை இலையில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. இலைக்கீரைகளில் இது அரிது. புளிப்பும் வழவழப்பும் உள்ள அந்தக் கீரையைத் துவரம்பருப்போடு கடைந்து, நான்கு பல் பூண்டு தாளித்தால் எவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மணத்தக்காளியின் கசப்பு சற்றுப் பழக வேண்டியது. காயை வற்றலாக்கத் தெரிந்தவர்கள் இங்கே மிகச் சிலரே இருக்கிறார்கள், பச்சைக் காயைச் சமைக்காமல் தின்னக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது. பலாக் கொட்டையும் வாழைப்பூவும் குப்பைக்குப் போகின்றன. அவற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சமைக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள், ஏனென்றால் கட்டுரையில் அது ஒரு வரிகூட இல்லை, சத்து தட்டுக்கு வருவதும் வராமல் போவதும் அங்கேதான் முடிவாகிறது. கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகிறவர்கள், வைட்டமின் சியிலும் பாலிபீனாலிலும் நீரில் கரையும் பங்கைச் சேர்த்தே கொட்டுகிறார்கள். இந்தத் தீவின் பூய்யோன் ப்ரேட், அதாவது இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டுக் கொதிக்கும் நீரில் கீரையை இட்டு, நிறம் மாறும் முன் இறக்கி, நீரோடு சோற்றில் ஊற்றிக்கொள்ளும் சாறு, அந்த வகையில் நம் பொரியலைவிடச் சிக்கனமானது. ஆனால் கரோட்டின் எண்ணெயில்தான் கரையும். கொழுப்பே இல்லாத சாறாக மட்டும் குடித்தால் குடலில் அதன் பெரும்பங்கு உறிஞ்சப்படாமல் போகும். ஆகவே ஒரு கரண்டி எண்ணெயில் தாளிதமோ, கைப்பிடித் தேங்காய்த் துருவலோ அதோடு சேர வேண்டும். கீரையின் இரும்புச் சத்து இயல்பிலேயே உடலில் குறைவாகச் சேரும். எலுமிச்சை பிழிந்தாலோ தக்காளிச் சட்னி தொட்டுக்கொண்டாலோ கூடுதலாகச் சேரும். சாப்பிட்டு எழுந்த கையோடு வெனிலாத் தேநீர் குடிக்கும் நம் வழக்கம் அதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. விந்தை என்னவென்றால், தேநீரில் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்வதும், டப்பாக்களில் ஆன்டிஆக்சிடன்ட் என்று புகழப்படும் அதே பாலிபீனால்தான். இரத்தசோகை உள்ள பெண்ணுக்குச் சாப்பாட்டோடு சேர்ந்து வரும் கறுப்புத் தேநீர் நல்லதல்ல. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் தொல்லை குறையும். ஒரே பொருளை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒற்றைச் சொல்லில் முத்திரை குத்த முடியாது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சேம்பிலைக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். அதில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அரைவேக்காடாக உண்டால் தொண்டை அரிக்கும். என் தாயார் ப்ரேட் சோன்ஜ் சமைத்தால் புளியோ, பிலேம்பி என்ற புளிப்புக் காயோ இல்லாமல் அடுப்பில் ஏற்ற மாட்டார். நடுவில் மூடியைத் திறந்து எவராவது பேசினால் அரிப்பு வந்துவிடும் என்று எங்களை அடுப்படியிலிருந்து விரட்டுவார். பேச்சுக்கும் அரிப்புக்கும் தொடர்பில்லை, ஆனால் நன்றாக வேகும்வரை பொறுமையாக இருக்க வைத்த அந்த மிரட்டலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிலேம்பிக்காயே சாறாகப் பிழியப்படும்போது ஆபத்தாகிறது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரளத்து மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். என் உறவினர் ஒருவரும் யாரோ சொன்னதைக் கேட்டுக் காலையில் வெறும் வயிற்றில் அதைக் குடித்துவந்தார். மருத்துவர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினார். குழம்பில் நான்கு காய் போடுவது வேறு, நாற்பது காயைப் பிழிந்து குடிப்பது வேறு. நட்சத்திரப் பழமும் அப்படியே: ஆய்வில் முன்வரிசையில் நின்ற அதே பழம் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நஞ்சு, விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். நம் தீவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது, அவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது; அத்தகையவர்கள் கீரையின் பொட்டாசியத்தைக்கூட மருத்துவரைக் கேட்டே அளவாக உண்ண வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மாற்றும் என்பதால், ஒரு வாரம் மலையாகவும் மறுவாரம் ஒன்றுமில்லாமலும் உண்ணக் கூடாது. நாவல் சர்க்கரையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையும் நம்மிடையே ஆழமானது. பிரேசிலில் நாவலிலைத் தேநீரை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துச் செய்த முறையான சோதனையில் சர்க்கரை குறையவில்லை. பழத்தைப் பழமாக உண்ணலாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம். இப்படி எச்சரிக்கைகளை அடுக்குவதால் கீரையின் பெருமை குறைந்துவிடும் என்று நான் அஞ்சவில்லை. கட்டுரையில் இவற்றில் ஒன்றாவது இருந்திருக்கலாம்.

கரும்புத் தோட்ட ஓரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் முளைத்த கீரையைப் பறிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். களைக்கொல்லி அடித்த நாள் எது என்று செடி சொல்லாது.

இவையெல்லாம் ஏன் கையை விட்டுப் போயின என்று யோசிக்கும்போது, ஏழைமையின் உணவு என்ற எண்ணமே முதலில் நிற்கிறது. தோட்டக் கூலிகளாக வந்தவர்களுக்குப் படியாகக் கிடைத்தது அரிசியும் பருப்பும். வரப்பில் பறித்த கீரை அந்தத் தட்டை நிறைத்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அரிசிக் கப்பல்கள் வராமல் நின்றபோது இந்தத் தீவே மரவள்ளியும் சோளமும் தின்றது. அதை அனுபவித்த தலைமுறை, கையில் காசு வந்ததும் மரவள்ளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பேரங்காடிகளையும் அடைத்து, பின்னர் குடும்பப் பெயரின் முதலெழுத்து வரிசையில் கடைக்குப் போக அனுமதித்தார்களே, அந்த நாள்களில் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதையும் மறக்க முடியாது. என் வீட்டு முருங்கைக் கிளைகளைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் வந்தார்கள். பின்கட்டில் இருந்த சேம்பு ஒரு வாரத்தில் மொட்டையாயிற்று. சீமைப்பலா மரம் வைத்திருந்தவர் திடீரென்று தெருவின் மதிப்புக்குரிய மனிதரானார். உணவில் பெரும்பகுதியைக் கப்பலிலிருந்து இறக்கும் நாட்டில் இது விளையாட்டுச் செய்தி அல்ல. உலக அளவிலும் நிலை இதுதான்: உணவுக்காகப் பயிரிடப்பட்ட தாவரங்கள் சுமார் 6,000 இருக்க, மொத்தப் பயிர் விளைச்சலில் 66 விழுக்காட்டை வெறும் ஒன்பது பயிர்களே தருகின்றன என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2019-ல் எழுதியது.

மக்களின் வாய்ப்பழக்கத்தை மாற்றவே முடியாது என்று சொல்பவர்களுக்கு நம் நாட்டின் அனுபவமே பதில் சொல்கிறது. 1987-ல் அரசு, மானிய விலையில் விற்ற சமையல் எண்ணெயில் பனையெண்ணெய்க்கு மாற்றாகச் சோயா எண்ணெயைக் கொண்டுவந்தது. 1992-ல் மக்களின் இரத்தத்தை மறுபடி சோதித்தபோது சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-ஆக இறங்கியிருந்தது. உலக மருத்துவ இதழ்களில் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படும் மாற்றம் அது. எண்ணெயில் நடந்தது கீரையில் தானாக நடக்காது என்பது எனக்குத் தெரியும். கீரை நான்கு மணி நேரத்தில் வாடிவிடும், கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது, அதில் பெரிய இலாபம் பார்க்கிறவர்களும் இல்லை. அதனால்தான் அதைத் தூளாக்கி டப்பாவில் அடைக்க ஆளிருக்கிறது, கட்டாக விற்க ஆள் குறைகிறது.

இதில் என்னால் மாற்றம் செய்யக்கூடிய இடம் கோவில் விருந்தின் வாழையிலைதான். தைப்பூசக் காவடி முடிந்தும் மற்ற விழாக்களிலும் நம் கோவில்களில் வாழையிலையில் பரிமாறப்படும் செட் காரியை, அதாவது ஏழு கறி விருந்தை, தமிழரல்லாதவர்களும் வந்து உண்கிறார்கள். பூசணியும் கத்தரியும் வாழைக்காயும் பலாவும் அதில் இடம் பெறுகின்றன, ராசோன் என்று இங்கே அழைக்கப்படும் இரசமும் உண்டு. நான் உண்ட பல இலைகளில் கீரை இல்லை, உருளைக்கிழங்கு இருந்தது. கீரையை ஆய்ந்து கழுவ ஆள் கிடைப்பதில்லை என்று சமையல் பொறுப்பாளர் ஒருவர் சொன்னார், அது உண்மையான காரணம்தான். முருங்கையை உருவி எடுக்க எவ்வளவு நேரமாகும் என்பது உருவியவர்களுக்கே தெரியும். ஓய்வு பெற்ற எங்களைப் போன்றவர்கள் பத்துப் பேர் முதல்நாள் மாலையில் உட்கார்ந்தால் அது தீரும். சென்ற ஆண்டு ஒரு விழாவுக்கு அப்படி உட்கார்ந்தோம். ப்ரேட் மல்பார் கூட்டு மற்ற கறிகளுக்கு முன்னதாகவே தீர்ந்தது. மறுநாள் என் விரல்கள் பச்சையாக இருந்தன, இடுப்பு இரண்டு நாள் வலித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் நாளிதழிடம் நான் வேண்டுவது இரண்டு. ஏழு மடங்கு, நான்கு மடங்கு என்ற அந்த எண்கள் எந்த அளவு இலைக்கு உரியவை என்பதை அதே பக்கத்தில் ஒரு சிறு திருத்தமாக வெளியிட வேண்டும். கீரை, பழம் பற்றி இனி எழுதும்போது தமிழ்ப் பெயரையும் கிரியோல் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட வேண்டும். தங்கள் இதழை இங்கே படிக்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற முதியவர்கள்தான், ஆனால் அந்தப் பெயர்களை உரக்கப் படித்தால் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்.

என் வகுப்பறைக் காலத்திலிருந்து சேர்த்து வைத்த பெயர்ப் பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேவையென்றால் அனுப்பி வைக்கிறேன். அதில் ப்ரேட் சூசூவுக்கு எதிரே நெடுநாள் வெற்றிடமாகவே விட்டிருந்தேன். சௌசௌ காயைத் தமிழ்நாட்டில் உண்கிறார்கள். அதன் கொடித்தளிரைக் கீரையாக உண்பது இங்கே வழக்கம், அதற்குத் தமிழ்ப் பெயர் ஒன்றை நான் எங்கும் கேட்டதில்லை. இப்போதைக்குச் சௌசௌத் தளிர்க்கீரை என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வாசகர்களில் எவரிடமாவது இதைவிட நல்ல பெயர் இருந்தால் தங்கள் வழியாகத் தெரிவிக்கட்டும், அழித்துவிட்டு மையால் எழுதிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.